மஞ்சள் துணியில் முடிந்த தோட்டம்

8 ஜூன் 2025, ஞாயிறு

எனக்குப் பேரன் கிடையாது. இதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் வெளியே வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டரை வருடத்துக்கு முன், கையில் வைத்து விளையாடுகிற கேம் பெட்டி வாங்கப் போனபோது கடைக்காரச் சீனர், "யாருக்கு ஆன்ட்டி?" என்று கேட்டார். கிலாங் - அதான், தொழிற்சாலை - சீருடையைப் போட்டுக்கொண்டு, ஐம்பது வயதில், "எனக்குத்தான்" என்று சொல்ல வாய் வரவில்லை. "பேரனுக்கு" என்றேன். பெயர் கேட்டார். எதிர்ச் சுவரில் டியூஷன் விளம்பரம் ஒட்டியிருந்தது, அதில் மதிவாணன் என்று ஒரு வாத்தியார். மதிவாணன் என்றேன். ரசீதிலும் வாரண்டி அட்டையிலும் அதையே எழுதிவிட்டார்.

இன்று திரைக்குக் கண்ணாடி ஒட்டப் போனேன். மனுஷன் மறக்கவில்லை. "மதிவாணன் எப்படி இருக்கிறான்?" அப்போது ஆறு வயது என்று சொன்ன ஞாபகம். கூட்டிப் பார்த்து, "பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான்" என்றேன்.

"ரொம்ப விளையாட விடாதீங்க ஆன்ட்டி, கண் கெட்டுப்போகும்."

"நானும் அதைத்தான் சொல்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெட்டிக்குள் ஒரே ஒரு விளையாட்டுத்தான் எனக்கு. தோட்டம் போடுகிற விளையாட்டு. உழுவது, விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, மாடு கன்றுக்குத் தீனி வைப்பது. தம்போயில் கிலாங் பஸ் ஏறினால் பாசிர் கூடாங் போய்ச் சேரும் வரை நான் முதலாளி. இறங்கினால் பிளாஸ்டிக் மூடி எண்ணுகிற யோகேஸ்வரி.

12 ஜூன், வியாழன்

பின் வரிசையில் மகேஸ்வரன் வீட்டில் திருட்டு. பட்டப்பகலில், எல்லோரும் வேலைக்குப் போன நேரம். டிவியைத் தொடவில்லை. கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். ஒரு லேப்டாப், ஒரு கைக்கடிகாரம், பிள்ளைகளின் கேம் பெட்டி. என்னுடையது மாதிரியே, அதே சிவப்பு.

செய்தி எனக்கு முன் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. ஷர்மினி போன் செய்தாள். என் ஒரே மகள், அங்கே ஆஸ்பத்திரியில் வேலை, எதற்கும் பட்டியல் போடுகிறவள்.

"ம்மா, நாலு வேல செய். ரகசிய எண் போடு. பின்னால ஸ்டிக்கர்ல நம்பர் இருக்கும், அத போட்டோ எடு. ரசீத பத்திரமா வை. பஸ்ஸுல எல்லாரும் பாக்குற மாதிரி வெளையாடாத."

முதல் வேலையை அப்போதே செய்தேன். இரண்டாவது - அந்த ஸ்டிக்கரைப் போன தீபாவளிக்கு நான்தான் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தேன். ஓரமெல்லாம் அழுக்கு ஏறி அசிங்கமாக இருந்தது. இப்போது பளபளவென்று இருக்கிறது, நம்பர்தான் இல்லை. மூன்றாவது, ரசீது பத்திரமாக இருக்கிறது, மதிவாணன் பெயரில்.

நாலாவது முடியாது. பஸ்ஸில் விளையாடாமல் வேறு எங்கே விளையாடுவது? வீட்டில் எனக்கு வேலை இருக்கிறது.

13 ஜூன், வெள்ளி

முடியாது என்று எழுதினேனே, முடிகிற மாதிரி ஆகிவிட்டது. கிலாங்கில் என் லாக்கர் பூட்டு போய் ஒரு மாதம் ஆகிறது. மாற்றித் தருகிறேன் என்கிறார்கள், தரவில்லை. திருட்டைக் கேட்ட பிறகு அதில் வைக்க மனசு வரவில்லை. பூட்டு வரும்வரை பெட்டி வீட்டில்தான் இருக்க வேண்டும். வீடோ பகல் முழுக்க காலி. செல்லப்பன் - என் வீட்டுக்காரர் - பள்ளி வேன் ஓட்டுகிறார். காலையில் போனால் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார்.

அரிசி டின்னுக்குள் புதைத்தேன். மாலையில் அவர் அரிசி எடுக்கப் போனார். குவளை 'டக்'கென்று இடித்தது.

"யோகி, அரிசியில கல்லு இருக்கும்னு தெரியும். டிவியே இருக்கே லா!"

14 ஜூன், சனி

துணி துவைக்கிற மெஷினுக்குள் வைத்தேன். திருடன் துணியைத் துவைத்துக் கொடுத்துவிட்டா போகப் போகிறான்?

செல்லப்பனுக்கு இன்றைக்கென்று துவைக்க ஆசை வந்துவிட்டது. முதலில் சவர்க்காரத்தூளைக் கொட்டியிருக்கிறார், பிறகுதான் உள்ளே பார்த்திருக்கிறார். ஒரு மணி நேரம் பல் துலக்கும் பிரஷ்ஷால் பொத்தான் பொத்தானாகத் தட்டினேன். என் தோட்டத்துக்கே எலுமிச்சை வாசம்.

"அதத் தூக்கிப் போடு. அம்பத்து ரெண்டு வயசுல என்ன வெளையாட்டு?" என்கிறார்.

"நீங்க பந்து மேட்ச் பாத்துட்டு நடு வீட்டுல கத்துறப்ப நான் வயசு கேட்டேனா?" என்றேன்.

17 ஜூன், செவ்வாய்

புத்தி வந்தது. சாமி மேடை!

பெட்டியை மஞ்சள் துணியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, மேலே குங்குமம் வைத்து, மாரியம்மன் படத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். பார்த்தால் யாரோ வேண்டுதலுக்கு முடிந்து வைத்த காணிக்கை மாதிரி இருக்கிறது. திருட வருகிறவன் நம் ஆளாக இருந்தால் தொட மாட்டான், கை விளங்காமல் போய்விடும் என்று பயம் இருக்கும். வேறு ஆளாக இருந்தால் ஏதோ பழைய புத்தகம் என்று விட்டுவிடுவான். எந்தப் பூட்டுக்கு இந்த சக்தி இருக்கிறது?

செல்லப்பனுக்குப் பிடிக்கவில்லை. "சாமி முன்னால பொய் முடிச்சு போடுற."

"பொய் என்ன பொய்? உள்ள இருக்கறது என் தோட்டம். காப்பாத்து தாயேன்னுதானே வச்சிருக்கேன்."

19 ஜூன், வியாழன்

ராஜம்மா அண்ணி பத்து பாகாட் ஊரிலிருந்து வந்திருக்கிறார். செல்லப்பனின் மூத்த அக்கா. பையைக் கீழே வைத்ததும் சாமி மேடையைத் துடைத்தார். என் வீட்டில் தூசி இருக்கிறது என்று சொல்லாமல் சொல்ல அவரிடம் பத்து வழி உண்டு. இது முதலாவது.

20 ஜூன், வெள்ளி

பெட்டியைக் காணோம்.

வேலை விட்டு வந்து அண்ணியைத் தேடினேன். மூன்று மணிப் பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டாராம், செல்லப்பன்தான் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். சரி, விளக்கேற்றலாம் என்று மேடைக்குப் போனால் குங்குமம் சிந்தின இடம் மட்டும் இருக்கிறது. பூட்டு உடையவில்லை. ஜன்னல் உடையவில்லை. அம்மன் படத்துக்கு முன்னாலிருந்தே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், நாசமாப் போறவன், அவன் கை...

எழுத வேண்டாம். எட்டு ஏக்கர் தோட்டம். நாளைக்குப் பூசணி அறுப்பு, பெட்டி மூடியிருந்தாலும் உள்ளே நாள் ஓடும்.

21 ஜூன், சனி

காலையில் போலீஸ் நிலையம் போனேன். செல்லப்பன் வாசலோடு நின்றுவிட்டார், வெட்கமாம். உள்ளே ஒரு மலாய்க்காரப் பெண் போலீஸ், மரியாதையாகத்தான் கேட்டார். என்ன பொருள், என்ன நிறம், நம்பர் என்ன. நம்பர் இல்லை என்றேன். "பொருள் யாருடையது? மகனா, பேரனா?"

மதிவாணன் நாக்கு நுனி வரை வந்தான். விழுங்கிவிட்டேன்.

"என்னுடையது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். குனிந்து எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், வானம் இடியவில்லை. இதைச் சொல்லவா இரண்டரை வருடம் ஆனது எனக்கு?

மத்தியானம் ராஜம்மா அண்ணி போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"யோகேசு, ஒன் வேண்டுதல நான் முடிச்சு வச்சிட்டேன். இனிமே நம்ம ஷர்மினிக்குத் தடங்கல் இல்ல."

"என்ன வேண்டுதல் அண்ணி?"

"மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சிருந்தியே! கோயிலுக்குச் சேர வேண்டியத வீட்டுலயே வச்சிருந்தா அந்தப் புள்ளைக்கு எப்படிம்மா கல்யாணம் நடக்கும்? அதான் நேத்து காலையிலயே கோயிலுக்குக் கொண்டுபோயி அம்மன் காலடியில வச்சிட்டு வந்துட்டேன். நல்ல கனம். வெள்ளித் தட்டா?"

போனை வைத்துவிட்டேன். வெள்ளித் தட்டாம்.

22 ஜூன், ஞாயிறு

எங்கள் தாமான் குடியிருப்பின் கோயிலுக்குப் போனேன். தலைவர் தங்கராஜு இருந்தார். பஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எல்லோரையும் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைப் போலத்தான் பார்ப்பார். பேச்சு முழுக்க மைக்கில்தான். எதிரே நான் ஒருத்தி நிற்கிறேன், எனக்கும் மைக்கிலேயே பதில்.

போன பிறகுதான் தெரிகிறது, விஷயம் அங்கே வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முடிச்சை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே கேம் பெட்டி. யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சிவப்புப் பெட்டி என்று கேட்டதும் பின் வரிசை மகேஸ்வரன் ஓடி வந்திருக்கிறார். திருடன் அம்மனுக்குப் பயந்து கொண்டுவந்து வைத்துவிட்டான் என்று முடிவாகிவிட்டது. வெள்ளி பூஜையில் தலைவர் அதை மைக்கிலும் சொல்லிவிட்டார், பெட்டியை மட்டும் இன்னும் மகேஸ்வரனிடம் கொடுக்கவில்லை. அற்புதம்! நாலு பேர் அழுதிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து நான்.

"அது என்னுது தலைவரே."

"அம்மன் வரவழைச்ச பொருள்மா அது."

"அம்மன் வரவழைக்கல. எங்க நாத்தனார் தூக்கிட்டு வந்தாங்க."

"அப்படின்னா காணிக்க. மஞ்சத் துணியில முடிஞ்சு இந்த வாசல் தாண்டி உள்ள வந்தது, வெளிய போனதா சரித்திரம் இல்ல. ஆடி வெள்ளியில ஏலம் போட்டு அம்மனுக்குச் சேர்த்துருவோம்."

"பொருளுக்குச் சொந்தக்காரி குடுக்காம எடுத்துட்டு வந்தா அதுக்குப் பேரு காணிக்கையா? அம்மன் அடுத்தவங்க பொருள வாங்கிக்குமா?"

மைக்கை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு மைக்கைத் திறந்து, "சொந்தக்காரின்னு அத்தாட்சி?" என்றார்.

ரசீதைக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"யாரும்மா மதிவாணன்?"

"பேரன்" என்று வாய் சொல்லிவிட்டது. இரண்டரை வருடப் பழக்கம்.

தங்கராஜு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒம் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலியே."

இதுவும் மைக்கில்.

24 ஜூன், செவ்வாய்

ஷர்மினி போன் செய்தாள். "ம்மா, எனக்கு ஒரு பையன் இருக்கானாமே. பேரு மதிவாணனாமே. நல்லா படிக்கிறானா?"

உள்ளதை உள்ளபடி சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு சொன்னாள், "ஸ்டிக்கர் நம்பர் எடுத்து வச்சிருந்தா இந்தப் பேரனே தேவப்பட்டிருக்காது." நம்பரை விட மாட்டாள்.

ராஜம்மா அண்ணிக்கும் சேதி போய்விட்டது. வேண்டுதல் செய்த மூன்றாம் நாளே பேரன் வந்துவிட்டான், இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை என்றாராம்.

25 ஜூன், புதன்

பஸ்ஸில் இன்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாசிர் கூடாங் இவ்வளவு தூரமா?

26 ஜூன், வியாழன்

கோயில் செயலாளர் ஐயாசாமி வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை மாதக் கூட்டம். மகேஸ்வரனும் நானும் வர வேண்டும். பெட்டியைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதை எல்லோர் முன்னாலும் சரியாகச் சொல்கிறவருக்குப் பெட்டி. சொல்ல முடியாவிட்டால் ஏலம்.

"ரகசிய எண் ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"எண் என்ன, உள்ள இருக்கற கோழிக்கு எத்தன எறகுன்னு கேளுங்க, சொல்றேன்!" என்றேன். மார் தட்டினேன்.

அவர் போன பிறகு ஒரு குவளை தண்ணீர் குடித்தேன். குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

அடோய்.

27 ஜூன், வெள்ளி

அதை எழுதிவிடுகிறேன். எழுதினால் கொஞ்சம் சின்னதாகத் தெரியுமோ என்னவோ.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு பிராணிக்கும் பெயர் வைக்கச் சொல்லும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் வைத்துவிட்டேன். நேரம் கெட்ட நேரத்தில் கூவுகிற சேவல், ஐயாசாமி. ஓயாமல் கத்திக்கொண்டு எல்லோர் பின்னாலும் போகிற வாத்து, ராஜம்மா. பாதைக்கு நடுவில் நின்றுகொண்டு யாரையும் போக விடாத எருமை ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளவும் முடியாது, சுற்றிப் போகவும் முடியாது. அதன் பெயர் தங்கராஜு. பெயர் அதன் தலைக்கு மேலேயே வேறு எழுதியிருக்கும். ஆங்கில எழுத்தில்தான், ஆனால் அந்த அளவுக்கு எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும்.

செல்லப்பனிடம் சொன்னேன்.

"நான் இருக்கேனா அதுல?"

"இருக்கீங்க."

"என்னவா?"

"மூட்டை தூக்குற... குதிரை மாதிரி."

"கழுதன்னு சொல்லு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விட்டுரு யோகி. சாமிக்குப் போனது போயிட்டுப் போவட்டும். இந்தத் தாமான்ல நாம இன்னும் இருக்கணும். ஒரு வெளையாட்டுச் சாமானுக்காக ஊரு முன்னால நிக்கப் போறியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கத்தவில்லை. கத்தினால் அவர் பாட்டுக்கு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். மெதுவாகத்தான் சொன்னேன். எங்கம்மா சிகாமட் பக்கம் ரப்பர் தோட்டத்துல முப்பது வருசம் பால் வெட்டுனாங்க. தோட்டத்த வித்தப்ப லயத்து வீட்ட காலி பண்ணச் சொன்னாங்க. வாசல்ல நட்டிருந்த ஒரு முருங்கைக்குக் கூட அவங்க சொந்தக்காரி இல்ல. நீங்களும் நானும் இன்னிக்கு வரைக்கும் வாடகை வீடு. பொம்மையோ படமோ, எங்க பரம்பரையிலயே எட்டு ஏக்கர் வச்சிருக்கற ஆளு நான் ஒருத்திதான். ரெண்டரை வருசம், தினமும் போக வர தண்ணி ஊத்தி வளத்தது. அத அவரு ஏலம் போடுவாராம், நான் கைதட்டணுமாம். சிரிச்சா சிரிக்கட்டும். ஊரச் சிரிக்க வைக்கறது எனக்கென்ன புதுசா?

அவர், "கழுதைக்குத் தீனி ஒழுங்கா வைக்கிறியா?" என்று கேட்டார்.

29 ஜூன், ஞாயிறு

நடந்தது எல்லாம் எழுத வேண்டும்.

கோயில் மண்டபத்தில் ஏழெட்டு கமிட்டிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், சும்மா பார்க்க வந்தவர்கள் என்று நாற்பது பேராவது இருப்பார்கள். சாதாரண மாதக் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தால் பெரிது. செல்லப்பனும் வந்தார், பக்கத்திலேயே உட்கார்ந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார்.

இரும்பு அலமாரியிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து அமுக்கினால் உயிரில்லை. பத்து நாளாக மின்சாரம் ஏற்றவில்லையே! ஐயாசாமி தன் போன் ஒயரைச் செருகினார். அரை மணி நேரம் அம்மன் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டு எல்லோரும் அந்த ஒயரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

எழுந்ததும் எண் கேட்டது. மகேஸ்வரன் பாவம், "எங்க பசங்க எண்ணே போட்டதில்ல" என்றார். "திருடன் போட்டிருப்பான்" என்று பின்னாலிருந்து ஒருத்தர். அற்புதத்தை விட மனசில்லை யாருக்கும்.

நான் எழுந்து போய் நாலு எண்ணை அமுக்கினேன். திறந்தது.

"எண்ண யாரு வேணும்னாலும் தோளுக்குப் பின்னால நின்னு பாத்திருக்கலாம்" என்றார் தங்கராஜு, மைக்கில். "உள்ள என்ன இருக்கு? பாக்காம சொல்லணும்."

திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். நான் சொன்னேன். வாசலில் கிணறு. இடது பக்கம் பூசணி, எட்டு வரிசை, இந்நேரம் முற்றிப் போயிருக்கும். வலது பக்கம் சோளம். பட்டியில் ஒரு சேவல், ஏழு கோழி, ஒரு வாத்து, ஒரு கழுதை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

"அப்புறம்?"

"ஒரு எருமை. பாதைக்கு நடுவுல நிக்கும்."

"நிக்குது" என்றார். "தலைக்கு மேல ஏதோ எழுதியிருக்கே." கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, மைக்கை விடாமல், எழுத்துக் கூட்டிப் படித்தார். "தா... ங்... க... ரா..."

நின்றுவிட்டது. செல்லப்பன் தரையைப் பார்க்கிறார்.

"யாரும்மா இது?"

முதுகை நேராக வைத்துக்கொண்டேன். "எருமைங்க தலைவரே."

முதலில் சிரித்தது சாந்தினி அக்கா. தலைவர் மனைவி! முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல், நாற்காலியோடு குலுங்கினார். அதற்கப்புறம் மண்டபமே. ஐயாசாமியும் சிரித்தார், அவர் சேவலைப் பார்க்கும் வரை.

தங்கராஜுவின் காது சிவந்துவிட்டது. "கோயில் தலைவர இப்படி..." என்று ஆரம்பித்தார். சாந்தினி அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். இருபது வருடமாக அந்த மைக்கை யாரும் வாங்கிப் பார்த்ததில்லை.

"என்னங்க, அத்தாட்சி கேட்டீங்க. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? இப்படிப் பேர் வைக்கிற ஆளு இந்தத் தாமான்ல வேற யாரு இருக்கா? இது யோகேஸ்வரி பொருள்தான். குடுத்துருங்க."

மகேஸ்வரனும் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க பசங்களுது பந்து வெளையாட்டு. இது எங்களுது இல்ல" என்றார். அவர் முகம் வாடியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் பெட்டி இன்னும் எங்கேயோ.

தலைவர் பெட்டியை நீட்டினார், நான் கை வைத்தேன், அவர் விடவில்லை. மெதுவாக, மைக் இல்லாமல், "அந்தப் பேர மாத்திரு" என்றார். மைக் இல்லாத அவர் குரலை இன்றுதான் கேட்டேன். சின்னக் குரல்.

"மாத்த மாட்டேன் தலைவரே. மாத்திட்டா அடுத்த தடவ தொலைஞ்சா எதக் காட்டி வாங்கறது?"

விட்டுவிட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது சாந்தினி அக்கா பின்னால் ஓடி வந்தார். "எல்லாரும் இருக்காங்க, என் பேர்ல ஒண்ணுமே இல்லியே யோகேஸ்வரி? நான் அவ்ளோ கேவலமா?"

1 ஜூலை, செவ்வாய்

பூசணி பாதிக்கு மேல் அழுகல். மீதியை அறுத்தேன். திரும்ப உழுகிறேன்.

பஸ்ஸில் மறைத்து விளையாடவில்லை. கழுத்தில் மாட்டுகிற மாதிரி கனத்த வார் ஒன்று தைத்துக்கொண்டேன். பறிக்க நினைக்கிறவன் என்னையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும், எண்பது கிலோ. பக்கத்து இருக்கை வங்காளதேசத்துப் பெண், "அக்கா, இந்த எருமை பெயர் என்ன?" என்று மலாயில் கேட்டாள். சொன்னேன். அவளுடைய சூப்பர்வைசருக்கு என்ன பிராணி வைக்கலாம் என்று இறங்கும் வரை பேசினோம்.

கிலாங்கில் லாக்கர் பூட்டு இன்னும் வரவில்லை. ஆபீஸுக்கே போய், வரும்வரை என் பை உங்கள் மேசைக்கு அடியில்தான் இருக்கும் என்று வைத்துவிட்டு வந்தேன்.

3 ஜூலை, வியாழன்

பூட்டு வந்துவிட்டது.

6 ஜூலை, ஞாயிறு

ராஜம்மா அண்ணி போன் செய்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "வாத்து எப்படி இருக்கு? சாப்புடுதா?" என்றார். யார் சொன்னது இவரிடம்? செல்லப்பன் எழுந்து வேன் கழுவப் போய்விட்டார்.

சாந்தினி அக்கா சாயங்காலம் வந்தார். நாங்கள் அதிகம் பேசிப் பழகினவர்கள் இல்லை. கோயிலில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். ஒரு மயில் வாங்கி அவர் பெயர் வைத்தோம். மயிலைப் பார்த்தது ஐந்து நிமிடம். எருமையைப் பார்த்தது ஒரு மணி நேரம். "நகருமா இது? ஒரு தடவையாவது நகருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

12 ஜூலை, சனி

சாந்தினி அக்கா இப்போது நாள் தவறாமல் வருகிறார். எருமைக்கு அவர்தான் தீனி வைக்கிறார். வீட்டிலும் அதே வேலைதானே அக்கா என்றேன். "இது குறை சொல்லாம தின்னுது லா" என்றார்.

தலைவர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறார். உள்ளே வருவதில்லை. நேற்று ஹாரன் அடித்துவிட்டுக் கேட்டார், "வெயில்ல நிக்குதா, நிழல் எதுவும் போட்டிருக்கீங்களா?" எதைக் கேட்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கொட்டகை போட்டிருக்கிறது என்றேன்.

19 ஜூலை, சனி

சாயங்காலம் சாந்தினி அக்கா வழக்கம்போல வந்தார். இன்று தண்ணீர் ஊற்றுவதையும் தானே செய்வதாகச் சொன்னார். கொடுத்துவிட்டுத் தேநீர் கலக்கப் போனேன். அவர் ஏதோ பொத்தானை அமுக்கியிருக்கிறார். விற்கவா என்று பெட்டி கேட்டிருக்கிறது. ஆமாம் என்று அமுக்கியிருக்கிறார், வேண்டுமென்றா தெரியாமலா என்று நான் கேட்கவில்லை. எருமை விற்றுப் போய்விட்டது. அந்த விளையாட்டில் விற்றதைத் திரும்ப வாங்க முடியாது. விலை பரவாயில்லை, வேலி முழுவதும் புதிதாகப் போடலாம். சாந்தினி அக்கா தேநீரைக் குடித்து முடித்தார். தலைவர் பசியோடு வரும் நேரம், போய் உலை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.